கடைசிப் பத்து மீட்டர்

கோட்டூர்புரத்தில் ஒரு நாளைக்கு நாலு பேராவது என்னிடம் ‘நெட் ஸ்லோ’ என்கிறார்கள். பால் பூத்தில், லிஃப்ட்டில், அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் வாசலில். முன்பெல்லாம் பார்த்ததும் ‘உங்க வீட்ல தண்ணி வந்துதா?’ என்று விசாரிப்பார்கள். இப்போது அதே குரலில், அதே கவலையோடு, ‘உங்க வீட்ல நெட் வருதா?’

டாக்டரிடம் போய் ‘உடம்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்வது மாதிரிதான் இது. நல்ல டாக்டர் உடனே மாத்திரை எழுதமாட்டார். எங்கே வலி, எத்தனை நாளாக, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பார். நெட் கம்பெனிக்குப் போன் செய்து பாருங்கள். ‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்’ என்பார்கள். மறுபடி போன் செய்தால், இன்னும் பெரிய பிளானுக்கு மாறச் சொல்வார்கள்.

இந்த வாரம், உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒயர் மூலம் வரும் இன்டர்நெட் ஊர்ந்தால், ஏன் என்று நீங்களே கண்டுபிடிப்பது எப்படி என்று பார்க்கலாம். வைஃபை இந்தக் கதையில் இல்லை. அது சுவர், மைக்ரோவேவ் அடுப்பு, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் சம்பந்தப்பட்ட கூட்டுக் குடும்பத் தகராறு. ஒயர் அப்படியில்லை. ஒரு முனை கம்ப்யூட்டரில், மறுமுனை ரவுட்டரில். குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடிக்க முடியும்.

முதலில் ஒரு கணக்கு. விளம்பரத்தில் 300 எம்.பி.பி.எஸ். என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். டாக்டர் படிப்பு இல்லை. மெகா பிட்ஸ் பெர் செகண்ட். பிட் வேறு, பைட் வேறு. எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். நீங்கள் ஒரு ஃபைலை இறக்கும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் பைட்டில்தான் கணக்குச் சொல்லும். ஆகவே 300-ஐ எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்: விநாடிக்கு 37.5 மெகா பைட். ‘முந்நூறு குடுத்துட்டு முப்பத்தஞ்சுதான் வருது, ஏமாத்தறான்’ என்று என்னிடம் வரும் புகார்களில் பாதி இந்த எட்டாம் வாய்ப்பாட்டிலேயே தீர்ந்துபோகிறது.

இன்னொன்று, ‘ஸ்லோ’ என்பது காலத்துக்குக் காலம் மாறும். 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டபோது, இந்த ஊர் அதிகாரபூர்வமாக இன்னும் மெட்ராஸ். டயல்-அப் வேகம் 9.6 கிலோ பிட். இன்று உங்கள் போன் எடுக்கும் ஒரு 3 எம்.பி. போட்டோவை அந்த வேகத்தில் இறக்கினால் முக்கால் மணி நேரம் ஆகும், நடுவில் யாரும் டெலிபோனை எடுக்காமல் இருந்தால். 2004-ல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை, 256 கிலோ பிட் வந்தால் அது பிராட்பேண்ட் என்றது. 2013-ல் அதை 512 ஆக்கினார்கள். 2023 ஜனவரியில்தான் 2 மெகா பிட் என்று உயர்த்தினார்கள். 300 வாங்கிக்கொண்டு 94 வருகிறது என்று நாம் சண்டை போடுவதை அந்த 1995 ஆசாமிகள் பார்த்தால் கை கூப்பிச் சிரிப்பார்கள்.

ஆனாலும் சண்டை நியாயமானதே. காசு 300-க்கு வாங்குகிறார்கள். தவிர, அந்த 94 என்கிற எண்ணில் ஒரு விசேஷம் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

*

நீங்கள் கோட்டூர்புரத்தில் உட்கார்ந்து ஒரு வெளிநாட்டு வெப்சைட்டைத் தட்டினால் சமாசாரம் எங்கெல்லாம் போய்வருகிறது? உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டர் வரை சில மீட்டர். ரவுட்டரிலிருந்து தெருக்கோடி வழியாகக் கம்பெனியின் நிலையம் வரை சில கிலோமீட்டர். அங்கிருந்து, தேவைப்பட்டால், கடல்.

கடல் விஷயத்தில் சென்னை அதிர்ஷ்டக்கார ஊர். 2002-ல் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே கடலுக்கடியில் 3,200 கிலோமீட்டர் கண்ணாடி இழையை இழுத்தார்கள். ஐ-டு-ஐ என்று பெயர். சிங்கப்பூரிலிருந்து பிரான்ஸ் வரை போகும் ஸீ-மீ-வீ 4 என்ற நீண்ட கேபிளும் 2005-ல் இங்கே கரையேறியது. 2020 ஆகஸ்ட்டில் சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2,300 கிலோமீட்டர் கேபிள் திறக்கப்பட்டது. கண்ணாடி இழைக்குள் வெளிச்சம் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சிங்கப்பூருக்குப் போய்த் திரும்ப, விநாடியை ஆயிரம் கூறாக்கினால் 32 கூறு போதும். நீங்கள் கண்ணைச் சிமிட்டுவதற்குள் நாலைந்து தடவை போய்வரலாம்.

கடலில் தகராறே வராதா என்றால், வரும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா அருகே இரண்டு கேபிள்கள் அறுந்தன. ஒன்று நம் ஸீ-மீ-வீ 4. இந்தியா முழுக்க நெட் தள்ளாடியது. கால் சென்டர்கள் கையைப் பிசைந்தன. ஆனால் கவனியுங்கள்: கடலில் அறுந்தால் உங்கள் வீட்டில் மட்டும் அறுந்திருக்காது. ஊரே புலம்பும், மறுநாள் பேப்பரில் வரும். எனவே முதல் பரிசோதனைக்குக் கருவியே வேண்டாம். எதிர் வீட்டுக் கதவைத் தட்டி, ‘உங்களுக்கு நெட் வருதா?’ என்று கேளுங்கள். அவருக்கு வேறு கம்பெனி, நன்றாக வருகிறது என்றால் கடலை விட்டுவிடலாம்.

அடுத்து தெரு. கோட்டூர்புரத்தின் அழகு அதன் மரங்கள். நெட் கம்பெனிகளுக்கும் அந்த மரங்கள் பிடிக்கும். கம்பம் நட வேண்டாமே. கறுப்பு கேபிள்கள் கிளைக்குக் கிளை தாவி, மின் கம்பத்தில் சுருண்டு, யாருடையது என்று யாருக்குமே தெரியாமல் தொங்குகின்றன. 2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் வந்து மரங்களைச் சாய்த்தபோது அவற்றோடு இவையும் சாய்ந்தன. புயலே வேண்டாம், ஓர் அணில் போதும்.

தெருவில் இழை அறுந்தால் கண்டுபிடிப்பது சுலபம். வீட்டுக்குள் கம்பெனி வைத்திருக்கும் வெள்ளைப் பெட்டியில் ‘லாஸ்’ என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரியும். ஆங்கிலத்தில் நஷ்டம் என்று படித்துவிடாதீர்கள். ஒளி வரவில்லை என்பதன் சுருக்கெழுத்து. அறுபடாமல் மடங்கியிருந்தால் கொஞ்சம் சிக்கல். கண்ணாடி இழையை ரொம்ப வளைத்தால் வெளிச்சம் ஓரமாகக் கசிந்துவிடும், லைன் இருக்கும், தடுமாறும். பீரோவுக்குப் பின்னால் மெல்லிய மஞ்சள் அல்லது வெள்ளை இழை நசுங்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

தெருவில் இன்னொரு பிரச்னை கூட்டம். கம்பெனியிலிருந்து வரும் ஒரே இழையைத் தெருமுனையில் பிரித்து, பல வீடுகளுக்குக் கொடுக்கிறார்கள். பரவலாக இருக்கும் ஜிபான் என்ற முறையில் 2.5 ஜிகா பிட்டை 32 வீடோ 64 வீடோ பங்குபோட்டுக்கொள்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் தாகமாக இருக்கமாட்டார்கள் என்கிற நம்பிக்கையில் நடக்கும் ஏற்பாடு. ஐ.பி.எல். ஃபைனல் அன்று இரவு எட்டு மணிக்கு அந்த நம்பிக்கை சோதிக்கப்படும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, இரவு ஒன்பதுக்கு ஒரு தடவை வேகத்தை அளந்து காகிதத்தில் குறியுங்கள். காலையில் பறந்து, இரவில் தவழ்ந்தால் அது கூட்டம். கம்பெனிதான் சரிசெய்ய வேண்டும். உங்கள் காகிதம் அதற்குச் சாட்சி.

இரண்டு வேளையும் ஒரே மாதிரி மெதுவென்றால்? வீட்டுக்குள் வாருங்கள்.

*

ரவுட்டரையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் நீல அல்லது சாம்பல் நிற ஒயர் இருக்கிறதே, அதற்கு ஈதர்நெட் கேபிள் என்று பெயர். 1973-ல் அமெரிக்காவில் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் ராபர்ட் மெட்கால்ஃப் என்பவர் மூளையில் உதித்தது. அப்போது வேகம் மூன்று மெகா பிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. இந்த ஒயரின் தோலை உரித்தால் உள்ளே எட்டு மெல்லிய கம்பிகள். நாலு ஜோடிகளாக, ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று ஜடை பின்னியிருக்கும். ஜோடியாக முறுக்கினால் இரண்டு கம்பிகளிலும் வெளி இரைச்சல் ஒரே அளவு விழும். மறுமுனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரைச்சல் போய் செய்தி மட்டும் மிஞ்சும். இந்த ஜடைக்கு 1881-லேயே பேடன்ட் வாங்கியவர், டெலிபோன் புகழ் கிரஹாம் பெல்.

இப்போது அந்த 94.

1995-ல் வந்த நூறு மெகா பிட் ஈதர்நெட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: ஆரஞ்சும் பச்சையும். நீலமும் பழுப்பும் சும்மா கூடவே போகும். 1999-ல் வந்த ஆயிரம் மெகா பிட், அதாவது ஜிகா பிட் ஈதர்நெட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். கேபிளைச் செருகியதும் கம்ப்யூட்டரும் ரவுட்டரும் கல்யாணப் பேச்சு மாதிரி ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்கின்றன. ‘உனக்கு ஆயிரம் முடியுமா?’ ‘முடியும்.’ ‘அப்ப ஆயிரம்.’ பேச்சு முடிந்து ஓடிப் பார்த்தால் ஒரு ஜோடியில் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. பெரும்பாலான கருவிகள் உடனே இறங்கிவந்து, ‘சரி, நூறோடு முடிச்சுக்கலாம்’ என்று சமாதானமாகிவிடும். உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாது. லைட் எரியும், நெட் வரும், எல்லாம் சுமுகம்.

நூறு என்றால் 94 ஏன்? பார்சல் கணக்கு. தகவலை ஈதர்நெட் சிறு சிறு பொட்டலமாகத்தான் அனுப்பும். ஒரு பொட்டலம் ஒயரில் எடுத்துக்கொள்ளும் இடம் 1,538 பைட். அதில் விலாசம், முத்திரை, அடுத்த பொட்டலத்துக்கு முன் விடும் இடைவெளி எல்லாம் போக உங்கள் சரக்கு 1,460 பைட் அல்லது கொஞ்சம் குறைவு. வகுத்துப் பாருங்கள், நூற்றுக்கு 94 சொச்சம். ஆகவே உங்கள் பிளான் 150-ஆக இருந்தாலும், 300-ஆக இருந்தாலும், ஸ்பீடு டெஸ்ட் திரும்பத் திரும்ப 93, 94 என்று ஒரே இடத்தில் முட்டி நின்றால், தெருவையும் கடலையும் சந்தேகிக்க வேண்டாம். கூட்டத்தால் குறையும் வேகம் ஏறி இறங்கும். இப்படிக் கோடு போட்ட மாதிரி நிற்காது. எங்கோ ஓரிடத்தில் நூறு மெகா பிட் வாசல் ஒன்று இருக்கிறது. கேபிளில் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது, கம்பெனி கொடுத்த ரவுட்டரின் பின்பக்கத் துளையே நூறுக்கு மேல் தெரியாத பழைய வகையாக இருக்கலாம். உங்கள் கம்ப்யூட்டரின் துளையும் அப்படி இருக்கலாம்.

சரிபார்க்க அரை நிமிஷம். விண்டோஸில் செட்டிங்ஸ் போய், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், அதில் ஈதர்நெட். கீழே ‘லிங்க் ஸ்பீடு’ என்று ஒரு வரி. 1000/1000 என்றிருந்தால் கேபிள் உத்தமம். 100/100 என்றால் மேலே சொன்ன மூன்றில் ஒன்று. 10 என்று இருந்தால் கேபிளைக் குப்பையில் போட்டுவிட்டு மேற்கொண்டு படியுங்கள்.

*

எங்கள் மேல் வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் போனபின், சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் மூலம் கணக்குப் பாடம் நடத்துகிறார். சாயங்காலம் நாலரை மணி ஆனால் புடவை மாற்றி, பொட்டு வைத்துக்கொண்டு, நிஜ வகுப்புக்குப் போகிற மாதிரியே அறைக்குள் போவார்.

சில மாதங்களாக வகுப்பு நடுவில் உறைந்துபோக ஆரம்பித்தது. ‘மிஸ், கேக்கல’, ‘மிஸ், ஃப்ரீஸ் ஆயிட்டீங்க’. ஐந்து விநாடி, பத்து விநாடி, அப்புறம் சரியாகும். கம்பெனிக்குப் போன் செய்தார். நூறிலிருந்து முந்நூறுக்கு மாறச் சொன்னார்கள், மாறினார். கம்ப்யூட்டரில் அதே 94. வகுப்பிலும் அதே உறைதல். ஆள் வந்தான், தன் போனில் வைஃபையில் அளந்து, ‘பாருங்க மேடம், இருநூத்தி எண்பது வருது. உங்க சிஸ்டம்தான் பழசு’ என்றான். இன்னொருவன் வந்தான். கம்ப்யூட்டரிலேயே அரை மணி நேரம் யூடியூப் ஓட்டிக் காட்டினான், ஒரு தடங்கல் இல்லை. போய்விட்டான்.

அவர் மாடிப்படியில் நின்று என்னிடம் சொன்னது இது. ‘துபாய்ல ரெண்டு பேர் நிறுத்திட்டாங்க சார். அந்தம்மா மரியாதையாத்தான் சொன்னாங்க, மிஸ்ஸுக்கு வயசாயிடுச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் கஷ்டமா இருக்கும்னு. பையனும் பெங்களூர்லேர்ந்து, போதும்மா, ரெஸ்ட் எடுன்னுட்டான். எனக்கு ஒண்ணும் கஷ்டமா இல்லையே. நான் சரியாத்தான் பண்றேன். பண்றேன் இல்ல?’

அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை. ஒரு ஒயரின் கோளாறை வயதின் கணக்கில் எழுதுகிறார்கள், அவரும் மெல்ல நம்ப ஆரம்பித்துவிட்டார்.

மூன்றாவதாக வந்தவன் இருபத்திரண்டு வயதுப் பையன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வந்து நின்றான். முதுகுப் பையில் கிரிம்ப்பிங் டூல், ஒரு சுருள் கேபிள். நானும் கூடப் போயிருந்தேன். அவன் ஸ்பீடு டெஸ்டே போடவில்லை. கம்ப்யூட்டரில் கறுப்பு ஜன்னலைத் திறந்து ரவுட்டருக்குப் பிங் அனுப்ப ஆரம்பித்தான். பதில் வரிசையாக வந்துகொண்டிருந்தது, ஒரு மில்லிசெகண்டுக்குள்.

‘மேடம், கிளாஸ் எடுக்கும்போது எப்படி உக்காருவீங்களோ அப்படியே உக்காருங்க. எதையும் மாத்தாதீங்க.’

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஹெட்ஃபோன் மாட்டினார். பிறகு எழுந்து, ‘சத்தம் வரக்கூடாதுன்னு இதைச் சாத்திடுவேன்’ என்று கதவைச் சாத்தினார்.

பிங் நின்றது. நாலு விநாடி கழித்து மறுபடி வந்தது.

‘தொறங்க மேடம். மறுபடி மூடுங்க.’ மறுபடி நின்றது.

ஹாலிலிருந்து அறைக்கு வரும் கேபிள் கதவின் கீல் பக்கத்து இடுக்கு வழியாக வந்தது. அங்கே அது ஒரு நாடா மாதிரி நசுங்கிக் கிடந்தது. பையன் தோலை உரித்துக் காட்டினான். நீலக் கம்பி எப்போதோ துண்டாகியிருந்தது. அதனால்தான் எந்தப் பிளானிலும் 94. பச்சைக் கம்பி ஒரு மயிரிழையில் தொற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தால் ஒட்டும். மூடினால், அல்லது மூடிய கதவு காற்றில் கொஞ்சம் ஆடினால், விடும். விட்டால் இரண்டு பக்கமும் கல்யாணப் பேச்சை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதற்குத்தான் அந்த ஐந்து விநாடி. ரிப்பேருக்கு வந்தவர்கள் எல்லோரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சோதித்தார்கள். டீச்சர் ஒருவர்தான் கதவை மூடிக்கொண்டு வேலை பார்த்தவர்.

புது கேபிளைக் கதவு நிலைக்கு மேலே, ஏ.ஸி. குழாய்க்குப் போட்ட ஓட்டை வழியாக இழுத்தான். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே எட்டுக் கம்பிகளையும் வரிசையாக்கி, வெட்டி, பிளக்கில் செருகி, ஒரே அழுத்து. லிங்க் ஸ்பீடு 1000/1000. கதவை எட்டுத் தடவை மூடித் திறந்தார் டீச்சர். பிங் நிற்கவில்லை.

‘தம்பி, கணக்குல எப்பவும் ஃபுல் மார்க்கா?’ என்றார்.

‘ப்ளஸ் டூல ஃபெயில் மேடம். அப்புறம் எழுதிப் பாஸ் பண்ணிட்டேன்.’

‘கேள்வியைச் சரியாப் படிச்சே பாரு, அதுக்கு மார்க்கு’ என்று சொல்லி, காபி போட உள்ளே போனார். அந்த மாதக் கடைசியில் முந்நூறு பிளானை ரத்து செய்து நூறுக்கே திரும்பிவிட்டார். வகுப்புக்கு மூன்று, நாலு எம்.பி.பி.எஸ். போதும் என்று அவரே படித்துத் தெரிந்துகொண்டிருந்தார். சிங்கப்பூரில் புதிதாக ஒரு பிள்ளை சேர்ந்திருக்கிறது. துபாய் பெற்றோருக்கு அவர் ஏதும் எழுதவில்லை.

*

இனி உங்கள் முறை. டீச்சர் வீட்டுப் பையனின் வழிதான், கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

எந்த நேரத்தில், எந்த வேலையில் நெட் படுத்துகிறதோ, அந்த நேரத்தில் அந்த வேலையோடு சோதியுங்கள். மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பிரயோசனமில்லை.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரவுட்டரையும் ஆஃப் செய்து, கேபிளையும் மாற்றி, பிரவுசரையும் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். எதனால் சரியாயிற்று என்று தெரியாது, அடுத்த மாதம் திரும்ப வரும். முதலில் அதே கேபிளை ரவுட்டரின் வேறு துளையில் செருகுங்கள். பிறகு ஒரு மீட்டர் சின்னக் கேபிளில் கம்ப்யூட்டரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துப் பாருங்கள். டெஸ்க்டாப்பைத் தூக்க முடியாவிட்டால் நண்பரின் லேப்டாப்பை அந்த நீளக் கேபிளின் முனையில் மாட்டுங்கள். லேப்டாப்பிலும் 94 என்றால் கேபிளோ ரவுட்டரோ. லேப்டாப்பில் மட்டும் வேகம் என்றால் உங்கள் கம்ப்யூட்டர். கேபிள் வாங்கும்போது மேலே ‘கேட் 5-இ’ அல்லது ‘கேட் 6’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் விலை குறைவாகத் தருகிறார்கள் என்று சி.சி.ஏ. ரகத்தை வாங்காதீர்கள். அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். நாலு தடவை மடக்கினால் ஒடியும்.

அடுத்தது பிங். கமாண்ட் ப்ராம்ப்டில் பிங் கட்டளையோடு ரவுட்டரின் எண்-விலாசத்தைக் கொடுங்கள். பெரும்பாலும் 192.168-ல் ஆரம்பிக்கும், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். கடைசியில் ஒரு மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும் வரை ஓடும். 1983-ல் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடத்தில் மைக் மூஸ் என்பவர் எழுதிய சின்ன புரோகிராம். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்பார்களே, அந்தச் சத்தத்தின் பெயரைத்தான் வைத்தார். ஒயரில் ரவுட்டரின் எதிரொலி ஒரு மில்லிசெகண்ட் அளவில் வர வேண்டும். அதுவே விட்டுவிட்டு வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக்குள். அது சரியாக இருந்து, வெளியே இருக்கும் ஒரு விலாசத்துக்கு, உதாரணமாக கூகுளின் 8.8.8.8-க்கு, அனுப்பும் பிங் மட்டும் தடுமாறினால் கோளாறு வாசலுக்கு வெளியே.

கடைசியாக வீட்டு மனிதர்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். நெட்வொர்க் என்ற பத்தியில் யார் அதிகம் குடிக்கிறார்கள் என்று தெரியும். விண்டோஸ் தனக்குத் தானே அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கலாம். அது ஒன்றும் இல்லையென்றால் மற்ற போன்களைப் பாருங்கள். திருப்பதி போய்வந்த மாமா ரவுட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் போன் 400 போட்டோக்களை மேகத்துக்கு ஏற்றத் தொடங்கும். நிறைய பிளான்களில் ஏற்றும் பாதை இறக்கும் பாதையைவிடக் குறுகல். அது அடைத்துக்கொண்டால் உங்கள் சின்னச் சின்னப் பொட்டலங்கள் மாமாவின் போட்டோக்களுக்குப் பின்னால் க்யூவில் நிற்கும். ஸ்பீடு டெஸ்ட் நன்றாகவே காட்டும், பேச்சு மட்டும் தந்தி அடிக்கும். மாமாவிடம் இதமாகச் சொல்லி, இரவு பதினொரு மணிக்குமேல் ஏற்றச் செய்யுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு கம்பெனிக்குப் போன் செய்தால் நீங்கள் பேசும் விதமே மாறிவிடும். ‘நெட் ஸ்லோ’ என்று சொல்லமாட்டீர்கள். ‘லிங்க் ஸ்பீடு ஆயிரம், ரவுட்டருக்குப் பிங் ஒரு மில்லிசெகண்ட், வெளியே போனால் நூற்றுக்கு எட்டு காணாமல் போகிறது, ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை’ என்பீர்கள். மறுமுனையில் ஒரு விநாடி மௌனம் நிலவும். பிறகு, ‘ஒரு நிமிஷம் சார், சீனியர்கிட்ட கனெக்ட் பண்றேன்.’

ஐ.ஐ.டி. எங்கள் பேட்டையிலிருந்து நடக்கிற தூரம். 1986-ல் மத்திய அரசு எர்நெட் என்ற பெயரில் இந்தியாவின் முதல் கல்வி-ஆராய்ச்சி கம்ப்யூட்டர் வலையைத் தொடங்கியபோது சேர்ந்த எட்டு நிறுவனங்களில் அதுவும் ஒன்று. இந்த ஊரில் நெட்வொர்க் சாஸ்திரம் அறிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் உங்கள் வீட்டுக் கதவு இடுக்கைக் குனிந்து பார்க்க அவர்கள் யாரும் வரப்போவதில்லை.

இன்று ராத்திரி அந்த லிங்க் ஸ்பீடு வரியைப் பாருங்கள். முந்நூறுக்குக் காசு கட்டிக்கொண்டு நூறில் ஓடும் வீடுகள் நம் வாசகர்களில் எத்தனை என்று தெரிந்துகொள்ள ஆசை. 94 என்று வந்தால் ஒரு கார்டு போடுங்கள். கேபிள் எந்தக் கதவுக்கடியில் மாட்டியிருந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.